வார் வைத்த செருப்பு

ஃபேரர் பார்க் திடலில் முதன்முதலாக விமானம் பறந்தது 1911 மார்ச் 16ஆம் தேதி. ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர், மரமும் துணியும் கம்பியுமாக இருந்த ஒரு பிரிஸ்டல் விமானத்தை இங்கே ஓட்டிக் காட்டினார். அப்போது இது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அந்தப் பெயரில் இருக்கிற குதிரை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. 1843லிருந்து, பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறிய 1933 வரை, இங்கே குதிரைகள்தான் ஓடின. நம்மவர்கள் இந்தத் திடலைப் பற்றிப் பேசினால் பேச்சு நேராக 1942 பிப்ரவரி 17க்குப் போய்விடும்: பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள், இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம். அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு இங்கே பிடித்த நாள் வேறு.

1919 டிசம்பர் 4. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வருபவர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்தது. ராஸ் ஸ்மித், அவர் அண்ணன் கீத் ஸ்மித், ஜிம் பென்னெட், வாலி ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகள் ஆகிய நான்கு பேரும் ஒரு விக்கர்ஸ் விமி விமானத்தில் கிளம்பி, வழியில் இங்கே இறங்கினார்கள். விமி போரில் குண்டு போடுவதற்காகக் கட்டிய பெரிய விமானம். குதிரைத் திடலோ சின்னது. சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. ஓடி நிற்க இடம் போதாது என்று தெரிந்ததும் ராஸ் ஸ்மித் ஒரு வழி செய்தார். தரையைத் தொடும் தறுவாயில் பென்னெட் இருக்கையை விட்டு வெளியே வந்து, விமானத்தின் முதுகின் மேலேயே ஊர்ந்து வால்பக்கம் போக வேண்டும். அவருடைய எடையில் வால் கீழே அழுந்தி, உராய்ந்து, வண்டி சீக்கிரம் நிற்கும். பென்னெட் போனார். வண்டி நின்றது.

டிசம்பர் 10ஆம் தேதி டார்வின் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் 'சர்' பட்டம், மெக்கானிக்குகளுக்குப் பதக்கம். பரிசுப் பணத்தை மட்டும் ராஸ் ஸ்மித் நான்கு சம பங்காகப் பிரித்துக் கொடுத்தார் என்பது ஒரு ஆறுதல். 1922இல் ஒரு வெள்ளோட்டத்தில் விமானம் விழுந்து ராஸ் ஸ்மித்தும் பென்னெட்டும் ஒன்றாக இறந்தார்கள்.

விமானத்தில் வாலுக்கு ஊர்ந்து போகிற ஆளைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் என் அக்கா. 2015இல் பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்த கையோடு சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் விமானச் சிப்பந்தியாகச் சேர்ந்தாள். எங்கள் வீடு ஓவன் ரோடு பக்கம். விடிகாலை 4 மணிக்கு நீலக் கெபாயாவில், கொண்டையில் ஒரு முடி பிசகாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் லிஃப்டுக்குப் போகும்போது, அம்மா கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பார்ப்பார். வழியனுப்புவது பாதிக் காரணம். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது பார்க்கிறார்களா என்பது மீதி.

அம்மாவின் வாதம் ஒரே வரி. "படிக்க வச்சது தட்டு ஏந்தவா?"

அக்கா அதற்கு அன்று சொன்ன பதில்: "ஏந்தல மா. குடுக்கறேன்."

எனக்கு என்னவோ இதில் அம்மாவை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. குறை மொழியிலும் இருக்கிறது. 'விமானப் பணிப்பெண்' என்று எழுதுகிறோம். சிங்கப்பூரில் 'பணிப்பெண்' என்றால் வீட்டு வேலை செய்யும் பெண். பேச்சிலும் செய்தியிலும் அதுதான் அர்த்தம். முன்னால் 'விமான' என்று ஒட்டினால் வேலை பறக்க ஆரம்பிக்குமே தவிர, மதிப்பு பறப்பதில்லை. 'சிப்பந்தி' கொஞ்சம் மரியாதையான சொல், ஆனால் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். 'ஏர் ஹோஸ்டஸ்' என்றால் சினிமா ஞாபகம். 'கேபின் க்ரூ' என்றால் அம்மாவின் அக்கா தங்கைகளுக்குப் புரியாது. விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது. ஆனால் அதெல்லாம் வீட்டுக்காரரின் பெருமை. பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்து குனிந்து பரிமாறுகிறவருக்கு நாம் வைத்திருக்கிற சொற்கள் எல்லாமே கொஞ்சம் கீழே இறங்கித்தான் நிற்கின்றன.

இதே வீட்டில் எஸ்ஐஏ என்றால் பெருமையும் உண்டு. சித்தப்பா அடிக்கடி சொல்வார்: "நம்ம ஆளு கட்டுன கம்பெனிடா அது." அவர் சொல்வது ஜே.ஒய். பிள்ளையை. ஜோசஃப் யுவராஜ் பிள்ளை, 1934இல் கிள்ளானில் பிறந்தவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் படித்தவர். சுரங்கம் படித்தவர் ஆகாயத்துக்கு வந்தது எந்தப் பொறியாளருக்கும் நம்பிக்கை தரும் விஷயம். அரசு அதிகாரியாக இருந்துகொண்டே 1972 முதல் 1996 வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்தார். 2017இல் இரண்டு வாரம் போல நாட்டின் தற்காலிக அதிபராகவும் இருந்தார். அந்த நாட்களில் சித்தப்பாவின் வாட்ஸ்அப்பைத் திறக்கவே முடியவில்லை. அந்த ஆளு கட்டின கம்பெனி எதை விற்றுப் பெரிதானது என்று கேட்டால் சித்தப்பா விமானங்களின் பெயரைச் சொல்வார். அது சரியான பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

கதை 1947இல் தொடங்குகிறது. மே 1ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் காலாங் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குக்கு வழக்கமான சேவையை ஆரம்பித்தது. ஏர்ஸ்பீட் கான்சல் என்ற விமானம், ஐந்தே பயணிகள். பெயர் பிறகு மலேசியன் ஏர்வேஸ் ஆனது. 1966இல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆனது. இரண்டு அரசுகளுக்கும் வேண்டியது வேறு வேறு. மலேசியாவுக்கு உள்ளூர் ஊர்களை இணைக்க வேண்டும். சிங்கப்பூருக்கு இணைக்க உள்ளூரே கிடையாது. 1972 அக்டோபர் 1ஆம் தேதி பிரிந்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு வந்தது 10 விமானங்கள், எல்லாம் போயிங் 707களும் 737களும். 22 நகரங்கள்.

உள்நாட்டுத் தடம் ஒன்றுகூட இல்லாத விமான நிறுவனம் என்றால் என்ன அர்த்தம்? மேலே ஏறும் ஒவ்வொரு விமானமும் இறங்குவதற்கு இன்னொரு நாட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். அதைக் கொடுக்க எந்த நாட்டுக்கும் அவசியம் இல்லை. லீ குவான் இயூ அப்போதே தொழிற்சங்கங்களிடம் சொல்லிவிட்டார்: இது கொடியைக் காட்டுவதற்கான நிறுவனம் இல்லை, லாபம் வந்தால்தான் ஓடும். விமானமோ எல்லோரும் ஒரே கடையில் வாங்குகிற சாமான். அதே போயிங்கை யாரும் வாங்கலாம். கட்டணத்தை ஐயாட்டா கூட்டமைப்பின் உறுப்பு நிறுவனங்கள் பேசி வைத்துக்கொள்ளும். எகானமி வகுப்பில் எதை இலவசமாகக் கொடுக்கலாம், எதற்குக் காசு வாங்க வேண்டும் என்பதுவரை அவர்களுக்குள் விதி இருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அப்போது அந்தக் கூட்டமைப்பில் இல்லை. அந்த இடைவெளியில்தான் அது நுழைந்தது. 70களில் எகானமி பயணிக்கு இலவச ஹெட்செட், இலவச மது, சாப்பாட்டில் இரண்டு வகையில் ஒன்று. இன்று கேட்டால் சின்ன விஷயம். அன்று அது மற்றவர்கள் செய்யக்கூடாத விஷயம்.

ஆக, விற்றது உபசரிப்பை. நிலம் சின்னது; ரப்பரும் வெளியிலிருந்து வந்தது, தண்ணீரும் வெளியிலிருந்து வந்தது. உள்ளூரில் இருந்தது ஆட்கள். பிள்ளை 1978இல் போயிங்கிடம் சுமார் 90 கோடி அமெரிக்க டாலருக்கு விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. விமானத்தை இளமையாகவே வைத்திரு, பழசாகும் முன் விற்றுவிடு என்பது இன்றுவரை கொள்கை. 2007இல் ஏ380ஐ உலகில் முதலில் பயணிகளோடு பறக்கவிட்டதும் (அக்டோபர் 25, சிட்னிக்கு), 2018இல் நியூவார்க்குக்கு 18 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் மீண்டும் பறக்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பயணி ஞாபகம் வைத்துக்கொள்வது எஞ்சினை இல்லை. அதை முதலில் புரிந்துகொண்டவர்கள் விளம்பரக்காரர்கள். இயன் பேட்டியின் நிறுவனம் 1972இல் 'சிங்கப்பூர் கேர்ள்' என்ற உருவத்தை உண்டாக்கியது. 1993இல் லண்டன் மேடம் டுசோவில் அவளுக்கு மெழுகுச் சிலையே வைத்தார்கள்.

அந்த உருவம் எனக்கு ஒட்டவில்லை. பாரிஸ் வடிவமைப்பாளர் பியர் பால்மேன் 1968இல் மலாய்ப் பெண்களின் சாரோங் கெபாயாவை எடுத்து இழுத்துத் தைத்தது அந்த உடை. அழகுதான். ஆனால் விளம்பரங்களில் அவள் எப்போதும் லேசாகக் குனிந்து, லேசாகச் சிரித்து, வேலையே செய்யாமல் நிற்பாள். வியர்வை கிடையாது. கேட்டதற்கு அக்கா, "அது வேற பொண்ணு டா, எனக்கு அவளத் தெரியாது" என்றாள். அவளுக்கு உடையோடு சண்டை இல்லை. நீலம் புதியவர்களுக்கு, பச்சை, சிவப்பு, ஊதா என்று பதவி ஏற ஏற நிறம் மாறும். 2023இல் அவளுக்குப் பச்சை கிடைத்தபோது தெக்காவில் அம்மாவுக்கு அதே பச்சையில் ஒரு சேலை தேடி அலைந்தாள். கிடைக்கவில்லை.

வேலை என்னவென்று நான் அவளிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். விமானம் உயரத்தில் நேராகப் பறக்கும்போதும் மூக்கு 2–3 டிகிரி தூக்கியே இருக்கும். நிறைத்த சாப்பாட்டு வண்டி 100 கிலோவை நெருங்கும். அதை முன்பக்கம் தள்ளினால் மேடு. 3 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் உராய்வைத் தவிர 5 கிலோவுக்கு மேல் எப்போதும் எதிரே தள்ளிக்கொண்டிருக்கும். பின்பக்கம் வந்தால் பள்ளம். அப்போது பிடித்து நிறுத்த வேண்டும். "முட்டி சொல்லும், ஏறுறோமா இறங்குறோமான்னு" என்றாள். உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே. அந்தக் காற்றில் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கிவிடும். அதனால்தான் சாப்பாடு தயாரிப்பவர்கள் தரையில் அதே காற்றழுத்தத்தில் அறை அமைத்து ருசி பார்க்கிறார்கள். அம்மாவின் ரசம் மேலே நிற்கும் என்பது அக்காவின் கட்சி. புளிக்கும் மிளகுக்கும் உயரம் தெரியாதாம்.

சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முஸ்தஃபாவில் பெட்டி வாங்கி, கிலோ கணக்குப் பார்த்து அடைத்து, திருச்சிக்குப் போகிறவர்கள் ஏறுவது ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்தக் குழந்தைதான். அதில் தண்ணீருக்கும் காசு. இலவசமாகக் கொடுத்து வளர்ந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் விலை போடுகிற பிள்ளை பிறந்திருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, டிக்கெட் விலை அப்படி. ஆனால் உபசரிப்பு என்பது இயல்பான குணம் என்று விளம்பரம் சொல்லும்போது, அது டிக்கெட்டில் அச்சடித்த ஒரு வரி என்பது இந்த ரோட்டில் நிற்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2020 வந்தது. உள்நாட்டுத் தடம் இல்லாத நிறுவனத்துக்கு எல்லைகள் மூடினால் மிச்சம் பூஜ்யம். விமானங்களை ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செப்டம்பரில் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. சிப்பந்திகள் பலர் மருத்துவமனைகளுக்கு உதவப் போனார்கள். அக்காவும் ஒரு மருத்துவமனை வார்டில் சில மாதம் இருந்தாள். காலையில் தட்டு கொண்டுபோவது, தண்ணீர் ஊற்றுவது, போர்வை சரி செய்வது, கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது. ஒரு பாட்டி அவளை "நர்ஸம்மா" என்றே கூப்பிட்டாராம்.

அந்த மாதங்களில் அம்மா கதவை முழுசாகத் திறந்து வைத்து வழியனுப்பினார். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மக ஆஸ்பத்திரில இருக்கா, கொரோனா வார்டுல" என்றார். அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தட்டு அதேதான் டா. கீழ இருந்தா தொண்டு, மேல போனா எடுபிடி."

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது அம்மா ஒரு தாளில் விவரம் எழுதினார். வேலை என்ற இடத்தில் 'ஏர்லைன்ஸ்'. அவ்வளவுதான். அலுவலகமா, டிக்கெட் கவுண்டரா, எதை வேண்டுமானாலும் அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அக்கா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்க்யூ 321, மியன்மாருக்கு மேலே, காலை உணவு கொடுக்கும் நேரத்தில் கடும் காற்றுக் குலுக்கலில் மாட்டியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயம், விமானத்தை பேங்காக்கில் இறக்கினார்கள். செய்தி வந்தபோது அக்கா ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறாள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், எந்த ஊர் என்று இல்லை. அம்மா 2 மணி நேரத்தில் 31 தடவை அழைத்திருந்தார். அவள் ஃபிராங்க்ஃபர்ட் ஹோட்டலில் போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து முதல்கட்ட விசாரணை அறிக்கை வந்தது. அதை நான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். 0.6 விநாடிக்குள் விசை +1.35 ஜியிலிருந்து –1.5 ஜிக்குப் போனது. அதாவது பெல்ட் போடாதவர் இருக்கையிலிருந்து விழவில்லை; கூரையை நோக்கி எறியப்பட்டார். அடுத்த 4 விநாடியில் திரும்பவும் +1.5, மேலே போனவர் கீழே வந்து விழுந்தார். "நின்னுட்டு இருக்கவங்க?" என்று அம்மா கேட்டார். அந்த நேரத்தில் நின்றுகொண்டிருப்பவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் அம்மா அந்தச் செருப்பைப் பற்றிக் கேட்டார். அக்காவிடம் இரண்டு ஜோடி உண்டு. இரண்டிலும் கெபாயாவின் அதே பாத்திக் பூ. ஒன்று பின்பக்கம் திறந்தது. இன்னொன்று குதிகால் மூடி, மேலே வார் வைத்தது. வார் வைத்ததை ஏறும்போதும் இறங்கும்போதும் போட வேண்டும். எதற்கு இரண்டு என்று அம்மா பல வருடம் கேட்டதில்லை. ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தார்.

அதற்குப் பின்னால் ஒரு இரவு இருக்கிறது. 2000 அக்டோபர் 31, தைப்பே. புயல் மழையில் எஸ்க்யூ 006, மூடியிருந்த ஓடுபாதையில் தவறுதலாகத் திரும்பி, புறப்பட ஓடும்போது கட்டுமான இயந்திரங்களில் மோதி உடைந்து எரிந்தது. உள்ளே இருந்த 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். சிப்பந்திகளின் திறந்த செருப்புகள் அந்த மோதலில் காலை விட்டுக் கழன்றுபோயின. அதன் பிறகு வந்ததுதான் வார். 14 வாரப் பயிற்சியில் பரிமாறுவதோடு, கதவைத் திறப்பதும், சறுக்குப் பாதையில் ஆட்களைத் தள்ளுவதும், தண்ணீரில் இறங்குவதும் உண்டு. பாதி வாசல்கள் மூடியிருந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்தால்தான் ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கும். 2006இல் ஏ380இல் அதைச் சோதித்தபோது 873 பேர் 78 விநாடியில் வெளியே வந்தார்கள். பொறியாளர்கள் அந்த 78ஐப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். வாசலில் நின்று கத்தித் தள்ளிய ஆட்கள் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள், ஆனால் அதில் அவர்கள் தெரிவதில்லை.

விபத்துக்குப் பிறகு, பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் கொடுப்பதையும் சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்துவது என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாற்றியது. சில பயணிகள் முகம் சுளிப்பதாக அக்கா சொல்கிறாள். காப்பி வரவில்லையாம்.

அம்மாவின் தாளில் ஒரு மாற்றம் வந்தது. 'ஏர்லைன்ஸ்' என்பதை அடித்துவிட்டு, என்னிடம் எழுத்துக் கேட்டு, 'விமானப் பாதுகாப்பு அதிகாரி' என்று எழுதினார். அக்கா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, காப்பியும் நான்தான ஊத்துறேன்."

"அதை எதுக்கு எழுதணும்?"

"ஏன் எழுதக்கூடாது?"

ரொம்ப நேரம் போனது. என்ன சொல் போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். 'சிப்பந்தி' என்றேன். அம்மாவுக்கு அது ஹோட்டல் மாதிரி இருந்தது. 'பணியாளர்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது என்றாள் அக்கா. கடைசியில் அவளே பேனாவை வாங்கி 'விமானப் பணிப்பெண், பச்சைக் கெபாயா' என்று எழுதினாள். பச்சை என்றால் என்னவென்று கேட்பார்கள், அப்போது விளக்கலாம் என்று அம்மா சமாதானம் ஆனார்.

தாள் இதுவரை மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டு வீட்டில் பதில் இல்லை. மூன்றாவது வீட்டிலிருந்து போன் வந்தது. பச்சையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. சலுகை டிக்கெட் பெற்றோருக்கு மட்டுமா, மாமனார் மாமியாருக்கும் கிடைக்குமா என்று கேட்டார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்று அம்மா வைத்துவிட்டார்.